பூஜையில் இருந்த பாஸ்வேர்டு

ஆஸ்டின் டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சொர்ணத்துக்கு ஆயுத பூஜை வந்துவிட்டால் கால் தரையில் நிற்காது. கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர் என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் பூசினாள். கடை செல்போனுக்கு நெற்றி எது என்று தெரியாததால், ஸ்கிரீனுக்கு நடுவில் தாராளமாக ஒரு குங்குமப் பொட்டு அப்பினாள். கற்பூரமும் காட்டியாயிற்று. இனி மறுநாள் மறுபூஜை ஆகும்வரை எதையும் தொடக் கூடாது. இந்த விஷயத்தில் சொர்ணம் படு கறார்.

அவள் புருஷன் பச்சைமுத்து ஆட்டோ ஓட்டுகிறவன். ஆனால் போட்டோ பிடிப்பதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அலங்காரத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டான், ஸ்டாண்டு குரூப்பில் போட்டான், ஏரியா குரூப்பிலும் போட்டான். கும்பிடு பொம்மைகளாக வந்து குவிந்தன. மனுஷன் பூரித்துப் போனான்.

கடையில் வேலை பார்க்கும் கன்னடப் பெண் மமதா அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அய்யோ தேவரே! அக்கா, இல்லி நோடி! மானிட்டர்ல ஒட்டியிருக்கிற மெயில் பாஸ்வேர்டு பளிச்சுனு தெரியுது. பின்னாடி போர்டுல மெயில் ஐடி, போன் நம்பர் எல்லாம் இருக்கு!"

"தெரியட்டுமே. அதுக்கும்தான் பொட்டு வச்சேன்" என்று சொர்ணம் சிரித்தாள்.

சிரிப்பு பாதியிலேயே நின்றது. பிரிண்ட் எடுக்கச் சொல்லி ஏரியா ஜனங்கள் அனுப்பிய ஆதார், பான் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் அந்த மெயிலில்தான் கிடந்தன. அது கண்டவன் கையில் போனால் அவள் எந்த முகத்தோடு கடையைத் திறப்பாள்?

அந்த நேரம் பார்த்து, பூஜையில் இருந்த போன் 'டிங்' என்றது.

"எவனோ பாஸ்வேர்டு போட்டுட்டான்கா" என்றாள் மமதா. "நான் வச்ச ரெண்டாவது பூட்டுகிட்ட நிக்கிறான். அதைத் திறக்கற கோடு நம்பர்தான் நம்ம போனுக்கு வருது."

எதற்கு இந்த ரெட்டைப் பூட்டு என்று போன மாதம் அவளை வாய்க்கு வந்தபடி திட்டியவள் சொர்ணம்தான்.

"உடனே பாஸ்வேர்டை மாத்தணும். என் போன்லயே மாத்தலாம். ஆனா அதுக்கும் கோடு நம்பர் வேணும்" என்றாள் மமதா.

"போனைத் தொடாம படி!" என்றாள் சொர்ணம்.

மூன்று தலைகளும் முட்டிக்கொண்டு குனிந்தன. "நாலு... ஏழு... அப்புறம் குங்குமம்" என்றான் பச்சைமுத்து. குங்குமத்தை ஊதினான். அது பறந்து அவன் கண்ணில் விழ, "அம்மா!" என்று கடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினான். மமதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

போன் இப்போது கூப்பிட ஆரம்பித்தது. கூப்பிட்டுக்கொண்டே அதிர்ந்து அதிர்ந்து மேஜை ஓரத்துக்கு நகர்ந்தது.

"தாயே, ஊர் ஜனத்துக்காகத் தொடறேன். நாளைக்கு ரெண்டு பூசணிக்காயா உடைச்சுடறேன்!" சொர்ணம் போனைப் பாய்ந்து எடுத்து, பொட்டை வழித்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், மெயில் கம்பெனியில இருந்து பேசறோம். உங்க அக்கவுண்ட் இன்னிக்கு மூடிடும். இப்ப வந்த நம்பரைச் சொல்லுங்க."

மமதா தன் போனில் வேலையைத் தொடங்கிவிட்டு, பேச்சை இழு என்று கையால் சைகை காட்டினாள். இழுக்கச் சொல்லியா தரவேண்டும் சொர்ணத்துக்கு!

"இருப்பா, கண்ணாடி போட்டுக்கறேன்... சாப்டியா? எந்த ஊரு நீ?"

புதிதாக வந்த கோடு நம்பரை மமதா எட்டிப் பார்த்துத் தன் போனில் தட்டினாள். பிறகு அந்தப் போனை நீட்டி, "புது பாஸ்வேர்டு நீங்களே போடுங்க. நீளமா, யாரும் ஊகிக்க முடியாததா" என்று கிசுகிசுத்தாள். சொர்ணம் முந்தானையால் மறைத்துக்கொண்டு என்னவோ ஒன்றை வெகுநேரம் தட்டினாள். எல்லா இடத்திலும் லாக் அவுட். வாசல் சாத்தியாயிற்று!

"மேடம், நம்பர்?"

"தம்பி, இன்னிக்கு ஆயுத பூஜை. ஊர்ல கத்திரிக்கோல்கூட லீவுல இருக்கு. உனக்கு மட்டும் லீவு இல்லியா?"

அந்தப் பக்கம் பேசியவன் தன் அருகில் இருந்த யாரிடமோ திரும்பினான்.

"குடுக்க மாட்டேங்கறாங்கக்கா" என்றது குரல். சட்டென்று போன் துண்டிக்கப்பட்டது.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பிரிண்டர் மேல் இருந்த எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது. சொர்ணத்துக்குப் பெரிய கொள்ளைக்காரனையே ஊரை விட்டுத் துரத்திய குஷி.

"சரி, புதுசு என்ன? சொல்லு" என்றான் பச்சைமுத்து கண்ணைக் கசக்கியபடி.

"சொல்ல மாட்டேன்."

"நான் உன் புருஷன்டி!"

"யாரா இருந்தா இன்னா?"

"எனக்கும் வேணாம்கா. நாளைக்கு எனக்குத் தனி ஐடி போட்டுக் குடுங்க" என்று மமதா நடுவில் புகுந்தாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து சொர்ணத்துக்கென்று தனியாக எதுவும் இருந்ததில்லை. பீரோ சாவி, பர்ஸ், தட்டில் இருக்கும் கடைசி வடை, எல்லாமே பொதுச்சொத்து. இன்றைக்கு முதல்முதலாக அவளுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருந்தது. அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இனித்தது. இன்னொரு முறையும் சொல்லிக்கொண்டாள்.