ரெண்டு வருஷ வாரண்டி

கடைப்பெண் கண்ணாடி மேசைமேல் ஒரு துணியை விரித்து தசைவலிக்கு அதிர்ந்து அதிர்ந்து பிடித்துவிடுகிற இரண்டு மசாஜ் கன்களையும் பக்கம் பக்கமாக வைத்தாள். ஒன்று உள்ளங்கையில் அடங்குகிற சின்னது. மற்றது சுவரில் துளை போடுகிற டிரில் மிஷினுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. இஸ்திரிக்காரம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு பெரிய ஹோட்டலின் துணி அறையில் இருபத்தாறு வருஷமாகப் பெட்டி போடுகிறவள். கால் வலித்தால் வெந்நீர் ஊற்றித் தேய்த்துக்கொள்வதோடு சரி. இப்படி ஒரு கடையில் வந்து உட்காருவாள் என்று ஆறு மாதத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் வேலையைப் பாருங்கள் என்றிருப்பாள்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு காலையில்தான் அவள் பஸ்ஸைத் துரத்தி ஓடினாள். பஸ் போய்விட்டது, அவள் கால்தான் நிற்கவில்லை. அடுத்த நிறுத்தம் வரை ஓடி, அதையும் தாண்டி ஓடி, ஹோட்டலின் பின்வாசலில் வியர்த்து விறுவிறுத்து நின்றபோது, ஐம்பத்துநாலு வயசு வரை இந்தச் சந்தோஷம் உடம்புக்குள் எங்கே ஒளிந்துகிடந்தது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. மறுநாளும் ஓடினாள். அப்புறம் தினமும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நடக்கிற பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள். கெண்டைக்கால் மட்டும் கல்லாக இறுகிக் கிடந்தது.

துணைக்கு வந்திருந்தவர் அவள் மருமகன், டவுன் பஸ் டிரைவர். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் "வாங்க மாப்பிள்ளை", "சாப்டீங்களா அத்தை" என்பதற்கு மேல் இருவரும் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். "நானும் வரேன் அத்தை" என்று அவராகக் கிளம்பி வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"உங்களுக்கு இந்தச் சின்னதுதான் மேடம் சரி" என்றாள் கடைப்பெண். "சத்தமே இருக்காது, கையும் வலிக்காது. பெரியது ஒரு கிலோவுக்கு மேல, வயசானவங்க பிடிக்கிறது கஷ்டம்."

வயசானவங்க என்ற சொல் சுருக்கென்று தைத்தது. இஸ்திரிக்காரம்மா பெரியதை ஒரு கையால் எடுத்து, விசிறி வீசுவதுபோல் இரண்டு தடவை ஆட்டிக் காட்டினாள். "நான் தூக்குற இஸ்திரிப் பெட்டி இதைவிட ரெண்டு மடங்கும்மா."

கடைப்பெண் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, "எலும்பு மேலயும் கழுத்துக்கு முன்னாடியும் மட்டும் வைக்கக் கூடாது" என்று சொல்லிச் சின்னதை முடுக்கிக் கொடுத்தாள். இஸ்திரிக்காரம்மா கெண்டைக்காலில் வைத்து அழுத்தியதும், இரண்டு நொடி முனகிவிட்டு அது நின்றுபோயிற்று. எடுத்தால் ஓடியது. மறுபடி அழுத்தினால் மறுபடி மூச்சை விட்டது. பெரியது அப்படியில்லை. கடகடவென்று சத்தம் போட்டாலும் சதைக்குள் இறங்கிப் பிடித்த பிடியில், இத்தனை நாள் முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது. அவளுக்குக் கண் தானாக மூடிக்கொண்டது.

"நீங்களும் பாருங்க சார்" என்று கடைப்பெண் மருமகனின் முதுகில் வைத்தாள். நாளெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிற முதுகு.

"அ-அ-அ-அத்-தை-தை" என்றார் அவர். குரல் மேடு பள்ளத்தில் போகிற பஸ்போலக் குலுங்கியது. "நல்-லா-லா-ருக்-கு."

இஸ்திரிக்காரம்மாவால் அடக்க முடியவில்லை. மாப்பிள்ளை முன்னால் இப்படியா என்று முந்தானையை வாயில் வைத்தாள். அதையும் மீறிச் சிரிப்பு பீறிட்டது. அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பெரியதுக்கு ரெண்டு வருஷம் வாரண்டி, சின்னதுக்கு ஆறு மாசம்" என்றாள் கடைப்பெண்.

மருமகன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மேசையைப் பார்த்தபடி சொன்னார். "சின்னதே போதும் அத்தை. ரெண்டு வருஷமெல்லாம் எதுக்கு?"

"ஏன் மாப்பிள்ளை? ரெண்டு வருஷம் நான் ஓட மாட்டேனா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "உங்க பொண்ணுதான் அனுப்புனா. எப்படியாவது பேசி ஞாயித்துக்கிழமை ஓட விடாம பண்ணுங்கன்னு. மாமா மாடிப்படி ஏறும்போதே போயிட்டாரில்ல, அதுலேருந்து அவளுக்கு யார் மூச்சு வாங்குனாலும் பயம்."

மகளின் பயம் இஸ்திரிக்காரம்மாவுக்குத் தெரியாததல்ல. அதற்காகவே டாக்டரிடம் போய் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு ஓடிக் காட்டி, ஒரு குறையும் இல்லை என்று எழுதி வாங்கி வைத்திருந்தாள்.

"பஸ்ஸைத் துரத்தித்தான் மாப்பிள்ளை இதெல்லாம் ஆரம்பிச்சது. உங்களை மாதிரி ஒரு டிரைவர், கண்ணாடியில என்னைப் பார்த்துக்கிட்டே போயிட்டாரு."

"அந்த ரூட்ல நான் ஓட்டலை அத்தை" என்று பதறினார் அவர்.

"ஓட்டுனவரு நல்லா இருக்கட்டும்!" என்றவள், கடைப்பெண் பக்கம் திரும்பினாள். "பெரியதையே கட்டும்மா."

சாயங்காலம் மகள் வந்தபோது, பெட்டியைப் பார்த்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உங்களை எதுக்கு அனுப்புனேன், நீங்க என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க?" என்று புருஷனை ஒரு பிடி பிடித்தாள். அவர் சுவர்க்கடிகாரத்தை ஆராயத் தொடங்கினார். மகள் அம்மா பக்கம் திரும்பினாள். கோபமாகத் தொடங்கிய குரல் நடுவில் உடைந்தது. "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?"

இஸ்திரிக்காரம்மா டாக்டர் கொடுத்த தாளை அவள் கையில் வைத்தாள். மகள் அதை இரண்டு தடவை படித்தாள். "இருந்தாலும்…" என்றாள்.

"இருந்தாலும்தான். ஞாயித்துக்கிழமை வந்து உன் கண்ணாலயே பாரு. வேணாம்னு தோணுச்சுன்னா நடுரோட்டுல நிறுத்து. நின்னுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மகள் ஆறாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் நின்றாள், ஒரு கையில் தண்ணீர் பாட்டில், தோளில் கைப்பை. சின்ன வயசுக்காரர்கள் எல்லாம் போய் முடிந்தபின், வளைவில் அம்மா தெரிந்தாள். முகம் சிவந்து, தலை கலைந்து, பக்கத்தில் ஓடுகிற யாரோ ஒரு கிழவர் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே வந்தாள். நிறுத்தத்தான் மகள் சாலையில் இறங்கினாள். ஆனால் அம்மா நிற்கிற வேகத்தில் வரவில்லை. கேட்க வேண்டியதைக் கூடவே ஓடித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"மூச்சு… வாங்குதாம்மா?"

"எனக்கா, உனக்கா?"

மகளுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. குதிகால் உயர்ந்த செருப்பு இரண்டு தடவை பிசகியது. குனிந்து அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கைப்பை இடுப்பில் டப்டப்பென்று அடிக்க, வெறுங்காலோடு அம்மாவைப் பிடிக்க ஓடினாள்.