பேர் எழுதிய பெட்டி

பெட்டியை இறக்குவதா, அப்படியே திரும்பிப் போவதா என்று தெரியாமல் சேக் பரீது பந்தலுக்கு வெளியே மொபெட்டைப் பிடித்தபடி நின்றார். பின்சீட்டில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி இருந்தது. காலையில் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வைத்த வீட்டில் சங்கு ஊதிக்கொண்டிருந்தால் மனிதர் என்னதான் செய்வார்?

கூடத்தில் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த திரிபுரசுந்தரி அவரைப் பார்த்துவிட்டாள். காதர் பாட்சாவின் டிவி கடையில் வேலை பார்ப்பவர். ஐஸ் பெட்டிக்குள் கிடந்தது அவள் கணவர் உத்திராபதி. விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோ ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டார்.

அவர் பொதுப்பணித்துறையில் கிளார்க். ஆனால் சொந்தக்காரர்களுக்கு அதெல்லாம் ஞாபகமில்லை. டிவிடி பிளேயர் பார்த்து வாங்கித் தருகிறவர் என்றால்தான் தெரியும். காரைக்காலில் வரி குறைவு என்று பூந்தோட்டத்திலிருந்தும் நன்னிலத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், தலத்தெருவில் இறங்கி இவரைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள். சட்டைப்பையில் கீறல் விழுந்து நாறிப்போன ஒரு சிடி வைத்திருப்பார். கடையில் புதுப்பட சிடியை எடுத்தால் தடுத்துவிடுவார். “நல்ல சிடிய எந்த மிஷினும் ஓட்டும்பா. இதப் போடு.” ஓடுகிற மிஷின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். “டாக்டர் பாக்குறாரு, சத்தம் போடாதீங்க” என்று காதர் பாட்சா சிரிப்பார். வாங்கியதை வீடுவரை போய் மாட்டிக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது மறக்காமல் ஒன்று சொல்வார்: “அட்டப்பெட்டியத் தூக்கிப் போட்டுடாதீங்க. வாரண்டிக்கு வேணும்.”

அப்படிப்பட்டவர் வீட்டில் டிவிடி பிளேயர் கிடையாது. வாங்காமல் இல்லை, மூன்று தடவை வாங்கினார். மூன்றும் வாசலோடு போயின. முதலாவதைப் பூந்தோட்டத்து மாமா தூக்கிக்கொண்டு போனார். இரண்டாவது எதிர்வீட்டுக்குப் போயிற்று. மூன்றாவது வந்து இறங்கிய நேரத்தில் நெடுங்காட்டிலிருந்து அவருடைய அக்கா கமலாம்பாள் வந்து இறங்கினாள். “தம்பி, எனக்கு இதையே குடுத்துடேன். ஒனக்கு வேற பாத்துக்க மாட்டியா?” வந்த ஆட்டோவிலேயே பெட்டியும் போயிற்று. “கடை பக்கத்துலதானே இருக்கு, நமக்கென்ன அவசரம்?” என்றார் உத்திராபதி. திரிபுரசுந்தரி ஒரு வாரம் பேசாமல் சோறு போட்டாள்.

சற்று முன்புகூட, சுவரோரம் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் குசுகுசுத்தது அவள் காதில் விழுந்தது. “ஊருக்கெல்லாம் வாங்கிக் குடுத்தாரு. தன் வீட்டுக்கு ஒண்ணு வாங்க மனசு வந்துச்சா பாரு.” கஞ்சன் என்ற பெயரோடு அவரை அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

வாசலுக்குப் போன கமலாம்பாளின் மகன் நாகராஜ் தயங்கியபடி வந்தான். “அத்த, மாமா நேத்து டிவிடி பிளேயர் எடுத்தாங்களாம். கொண்டாந்திருக்காரு.”

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவர் “காலைல எங்கேயும் போயிடாத, வீட்டுல இரு” என்று சிரித்தது இதற்குத்தானா? கேஸ் சிலிண்டர் வரும் போலிருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

கமலாம்பாள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். “இழவு வீட்டுக்குள்ள புதுப்பொருளா? கருமாதி முடியிற வரைக்கும் ஒரு குண்டூசி உள்ள வரக்கூடாது. திருப்பி அனுப்புடா.”

சேக் பரீது அவிழ்த்த கயிற்றை மறுபடி மாட்டப் போனார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “அண்ணந்தாங்க பொறுக்கி எடுத்தாங்க. ஏழெட்டு மிஷின் மேல காத வெச்சுப் பாத்தாங்க. பேரும் அவங்களே எழுதுனாங்க. பேரு எழுதிட்டா இந்தத் தடவ எவனும் கேக்க மாட்டான்னு...”

பெட்டியைத் திருப்பிக் காட்டினார். ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது: உத்திராபதி, தலத்தெரு.

திரிபுரசுந்தரி ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அத்தனை அழுகைக்கு நடுவிலும் அவளுக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் என் வீட்டுக்கு எடுத்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

“உள்ள வாங்க.”

கூடத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. இழவு வீட்டில் யாரும் யாரையும் வா என்று சொல்வதில்லை. வருகிறவர்கள் தாமாக வருவார்கள், சொல்லாமல் போவார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவள்கூட வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

“என்னடி சொன்ன?” என்றாள் கமலாம்பாள்.

“வாங்கன்னு சொன்னேன் அண்ணி. மூணு தடவ வாசலோட போச்சு. கடைசியாப் போனது ஒங்க வீட்டுலதான் ஓடுது. இது போவாது. அவங்க பாத்து எடுத்தது, அவங்க இருக்கறப்பவே வீட்டுக்குள்ள வரட்டும்.”

கமலாம்பாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

சேக் பரீது செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். துணி போட்டு மூடியிருந்த டிவிக்குக் கீழே இடம் காட்டினாள் திரிபுரசுந்தரி.

“பேரு இந்தப் பக்கம் இருக்கட்டும். எல்லாருக்கும் தெரியணும்.”

அதன்பிறகு மாலையோடு வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள். “எங்க வீட்டுல இருக்கறதும் அவரு பாத்ததுதான், இன்னிக்கி வரைக்கும் ஒரு கோளாறு இல்ல” என்றார் பூந்தோட்டத்து மாமா. எங்க வீட்டிலும், எங்க வீட்டிலும் என்று கூடத்தில் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சுவரோரத்துப் பெண்கள் இருவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்னிலத்துக்காரர் ஒருவர், “என்ன மாடலு?” என்று சேக் பரீதிடம் மெல்லக் கேட்டார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க” என்றாள் திரிபுரசுந்தரி, அவளை யாரும் கேட்காமலே. “ஆனா நல்லதாத்தான் இருக்கும்.”

பிற்பகலில் அவரை எடுத்தார்கள். தெருமுனைவரை அழுதுகொண்டு போன பெண்கள் திரும்பி வந்து, வழக்கம்போல வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். குடம் குடமாகத் தண்ணீரை வீசி ஊற்றினார்கள். அது கூடம் முழுக்கப் பரவி டிவி பக்கம் ஓடியது.

“அட்டப்பெட்டி நனையப் போவுது” என்று திரிபுரசுந்தரி சுவரில் சாய்ந்தபடி பதறினாள். “வாரண்டிக்கு வேணும்பாங்க.”

கமலாம்பாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினாள். ஈரச்சேலை படாமல் பெட்டியை வாரித் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள். தரை காய்கிறவரை ஒருவரிடமும் கொடுக்காமல் அப்படியே நின்றாள்.