திருப்பிச் சொல்லாத வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு உப்புக் குப்பியிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தம்பி மனைவி, "அந்த உப்பை எடுங்க" என்றாள்.

"உப்பை எடுக்கச் சொல்ற" என்றான் தம்பி.

"சரி" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் அவன் கை நீண்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் சிரிக்கவில்லை. தம்பி அணுமின் நிலையத்தில், கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர். அங்கே ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'சரி' என்று உறுதி செய்ய வேண்டும். அதுவரை யாரும் ஒரு சுவிட்சைக்கூடத் தொடக் கூடாது. பன்னிரண்டு வருடப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவள் பேட்டரி நிலையத்தில் இன்ஜினியர். பகல் வெயிலில் சோலார் தகடுகள் கொடுக்கும் மின்சாரத்தைப் பெரிய பெரிய பெட்டிகளில் சேர்த்துவைத்து, பொழுது சாய்ந்ததும் ஊருக்குக் கொடுப்பது அவள் வேலை. கல்யாணமான புதிதில் அவனுடைய பழக்கத்தைக் கேலி செய்தவள், நாளடைவில் தானும் அதில் மாட்டிக்கொண்டாள்.

குடும்பக் கதை எழுதிப் பிழைக்கிற எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அவன் அணு உலையைப் போல நிதானமானவன். அவளோ சூரியனைப் போல

(இதற்கு மேல் என் பேனாவுக்கே கூச்சமாகிவிட்டது.)

இரண்டு மின்சாரங்கள் காதலித்தால்

(வேண்டாம். காலில் விழுகிறேன்.)

மூன்றாவது: சாப்பாட்டு மேஜையில் அவர்கள் சண்டை போட்டார்கள். இது நிற்கும்.

3

"உன் பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும். அப்புறம்?" என்றான் தம்பி.

"அப்புறம் காத்தாலை சுத்தும்."

"காத்தும் இல்ல, வாரம் பூரா மேகம். அப்ப?"

"தூரத்துலேர்ந்து லைன் போட்டு வாங்கிக்குவோம்."

"அங்கயும் மேகம்னா?"

"வந்து உங்க உலைக்கு ஒரு கும்பிடு போடறேன், போதுமா? நீங்க புதுசா ஒண்ணு கட்டி முடிக்கறதுக்குள்ள உங்க தலை மொத்தமா நரைச்சிடும். நான் ரெண்டு வருஷத்துல ஒரு நிலையத்தையே போட்டுடுவேன். உலையில எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள் கம்பியை யாரு, எத்தனை தலைமுறை காவல் காக்கறதுன்னும் சொல்லுங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இவங்க உலை படக்குன்னு நின்னுச்சுன்னா சில சமயம் ஒண்ணரை நாள் எழுந்திருக்காது, அண்ணி. கோவிச்சுக்கிட்டா உங்க தம்பியும் அதே கதைதான்."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: உண்மைதான் என்று தம்பியே சொன்னான். உலை திடீரென்று நின்றால் எரிபொருளுக்குள் செனான் என்ற வாயு சேர்ந்துவிடும். அது தணியும்வரை மறுபடி கிளப்புவது கஷ்டம். தம்பி விஷயத்தில் அது என்ன வாயு என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.)

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: "நான் போறேன்."

எங்கே என்று எங்கள் மூவருக்கும் தெரியும். ஒரு நாள் ரயில் பயணத் தொலைவில் புதிதாக ஒரு பேட்டரி நிலையம் வருகிறது. அதற்குத் தலைமைப் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தம்பியால் கூடப் போக முடியாது. அவனுடைய லைசென்ஸ் இந்த ஒரு உலைக்கு மட்டும்தான் செல்லும். வேறு நிலையத்துக்குப் போனால், நாற்பது வயதில் மறுபடி மாணவனாகி இரண்டு வருடம் படித்துத் தேர்வு எழுத வேண்டும்.

'நான் போறேன்' என்பதை அவன் திருப்பிச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான்.

4

அதுவரை எழுதியதை அவளிடமே கொண்டுபோய்க் காட்டினேன். பேட்டரி நிலைய அலுவலகத்தில், வெளியே குளிர்விக்கும் விசிறிகள் இரைந்துகொண்டிருக்க, நின்றபடியே படித்தாள்.

"கரண்டைப் பத்திப் பேசற சாக்குல நாங்க எங்களைப் பத்திப் பேசிக்கறோம்னு எழுதியிருக்கீங்க."

"இல்லையா பின்னே?"

"இல்ல அண்ணி. கரண்டைப் பத்தித்தான் பேசறோம். அவர் கேட்டாரே, வாரம் பூரா மேகம்னா என்னன்னு? அதுக்கு என்கிட்ட முழுசா பதில் கிடையாது. அந்தப் புது நிலையத்துல நாலு மணி நேரம் இல்ல, நாலு நாளைக்குச் சேர்த்துவைக்க முடியுமான்னு பார்க்கப்போறாங்க. அதுக்காகத்தான் போகணும்கறேன்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"முதல் வாக்கியத்தையே இன்னும் திருப்பிச் சொல்லலையே. ரெண்டாவதை எப்படிச் சொல்றது?"

(அவர்கள் சொல்லாத அர்த்தத்தையெல்லாம் நானாகத் திணித்திருந்த பத்தியை இங்கே அடித்துவிட்டேன். அது இருந்த இடம்தான் இந்த அடைப்புக்குறி.)

5

கைவசம் இருந்த முடிவுகள்:

தம்பி வேலையை விட்டுவிட்டு ரயிலடிக்கு ஓடுகிறான். (என் வாசகிகள் அழுவார்கள். அவன் நாற்காலியில் நாளை யார் உட்காருவது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.)

அவள் போகாமல் நின்றுவிடுகிறாள். (கையெழுத்துப் பிரதியோடு என்னையும் கிழித்துப் போடுவாள்.)

உலையும் வேண்டும், வெயிலும் காற்றும் பேட்டரியும் வேண்டும், ஆளுக்கொரு ஊரில் இருந்து நாட்டுக்கு விளக்கேற்றட்டும். (கட்டுரை என்றால் இப்படி முடித்துவிடலாம். மின்சாரத்துக்கு அது சரியான விடையாகக்கூட இருக்கலாம். இவர்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கட்டில்.)

6

நேற்று, வியாழக்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து தம்பி நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"ஏண்டா திருப்பிச் சொல்லல? உனக்குச் சம்மதம் இல்லையா?"

"திருப்பிச் சொன்னா சம்மதம்னு அர்த்தம் இல்லக்கா. காதுல சரியா விழுந்துச்சுன்னுதான் அர்த்தம்."

"அப்ப விழலையா?"

"விழுந்துச்சு." ஷூவின் நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டினான். "நான் திருப்பிச் சொன்னா அவ 'சரி'ன்னுடுவா. அப்புறம் அது நடந்தாகணும்."

நான் கையெழுத்துப் பிரதியை நீட்டினேன். நான்காம் பகுதிக்கு வந்ததும் நிறுத்தி, இன்னொரு முறை படித்தான்.

"என் கேள்விக்காகவா போறா?"

"எனக்கென்ன தெரியும்? அவ சொன்னதை எழுதியிருக்கேன்."

மேஜைமேல் கிடந்த பென்சிலை எடுத்தான். மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய், அவளுடைய 'நான் போறேன்' வரிக்குக் கீழே எதையோ எழுதி, என்னிடம் கேட்காமலே அந்தத் தாளை உருவி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். நீங்கள் படித்த மூன்றாம் பகுதி நான் நினைவிலிருந்து மறுபடி எழுதியது. அவன் எழுதிய வரியை மட்டும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டேன். அக்கா என்றால் அப்படித்தான்.

7

இன்று வெள்ளிக்கிழமை. கீழே முதல் வாக்கியம் அவள் சொன்னது, இரண்டாவது தம்பி பென்சிலால் எழுதியது. மூன்றாவது வாக்கியம் அவளுடையது. அவர்கள் விதிப்படி அவள் 'சரி' என்றால் அது நடக்கும். 'தப்பு' என்றால் முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும். என் கதையில் அவள் வாயில் வார்த்தையைப் போட ஒருமுறை முயன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுமுறை மாட்டேன்.

இடம் விட்டிருக்கிறேன். நிரப்ப நினைத்தால் நிரப்புங்கள். அதற்கு முன், நான்காம் பகுதியில் அவள் சொன்னதை வாய்விட்டு ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.

"நான் போறேன்."

"நீ போறேன்னு சொல்ற."

"                    "