முளை மாறிய மூலை

தஞ்சாவூரில் அந்த ஓட்டலுக்கு வந்திருந்த மூன்று நிபுணர்களும் மூன்று மேசைகளில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து இட்லி தின்றார்கள். சண்டை ஒன்றும் இல்லை, கம்பெனி போட்ட விதி அப்படி. கணிப்பை எழுதிக் கொடுக்கும்வரை ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, பேசினால் ஒருவர் நினைப்பு அடுத்தவரைத் தொற்றிக்கொள்ளுமாம். மூவரில் ஒருத்தியான மலர்க்கொடிக்கு இது பெரிய தண்டனையாகப் படவில்லை. சென்னையில் அவளுடைய ஃபிளாட்டிலும் தினமும் இதே கதைதான். அங்கே விதி போட ஒரு ஆள்கூடத் தேவைப்படவில்லை.

அவள் பயிர்க் காப்பீட்டுக் கம்பெனியில் நஷ்டத்தைக் கணக்குப் போடுகிறவள். இருநூறு வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய பெரும் அழிவு வந்தாலும் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்க, கம்பெனி எவ்வளவு மூலதனத்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அட, இருநூறு வருடம் எவன் உட்கார்ந்து பார்த்தான்? கையில் இருப்பது பத்துப் பதினைந்து வருட விளைச்சல் புள்ளிவிவரம். மிச்சத்துக்கு விஷயம் தெரிந்தவரைப் பிடித்து, உங்களுக்கு என்ன தோன்றுகிறது, ஏன் தோன்றுகிறது, ஆதாரம் என்ன என்று எழுதி வாங்குவார்கள். இதற்கு நிபுணர் கணிப்பு என்று பெயர். காவிரியின் கடைமடைக்கு யார் நிபுணர் என்று தேடினார்கள். சீர்காழிக்குக் கிழக்கே பிறந்தவள் என்று இவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

புள்ளிவிவரத்தில் ஒரு வருடம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கார்த்திகை வெள்ளத்தில் அவள் ஊர்ப் பக்கம் சம்பா முழுக்க அழுகிய வருடம் அது. அவள் அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். காகிதத்திலோ சுமாரான விளைச்சல் என்று இருந்தது. ஒரு வட்டாரத்துக்கு நாலைந்து வயலைக் குலுக்கலில் எடுத்து, அதிலும் ஒரு மூலையைக் குலுக்கலில் எடுத்து, முளை அடித்துக் கயிறு கட்டி, அந்தச் சதுரத்தில் விளைந்ததை அறுத்து எடை போடுவார்கள். அந்த எடையை வைத்துத்தான் ஊருக்கே நஷ்ட ஈடு. அந்த வருடம் குலுக்கலில் விழுந்த ஒரு வயல் அவள் அப்பா பஞ்சநதத்தினுடையது. அழுகிய மூலையில் அடித்த முளை, மேட்டுப் பக்கம் நன்றாக நின்ற கதிர்களுக்கு நடுவே எப்படியோ போய்விட்டது. எடை கூடி, நஷ்ட ஈடு தரும் அளவுக்கு நஷ்டம் இல்லை என்று ஆகிவிட்டது. ஊருக்குச் சல்லிக்காசு வரவில்லை.

பஞ்சநதம்தான் மாற்றி நட்டார் என்று ஊர் பேசியது. பேசி முடித்ததும் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. அதே மாதம் தம்பி புகழேந்தி சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். அம்மா சாவுக்கும் வரவில்லை. அக்காவோடு எப்போதாவது பேசுவான், அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அப்பா செய்த காரியத்தில் வெறுத்துப் போய்விட்டான் என்றே மலர்க்கொடி நினைத்திருந்தாள்.

புது விதிப்படி இனிமேல் முளை அடிக்கும் இடத்தைச் செல்போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும், நகர்த்த முடியாது. அப்படியானால் பழைய எடையை நம்பிப் போட்ட கணக்கு இனி வரும் வெள்ளத்தைத் தாங்காது. இதை எழுதினால் மூலதனம் எகிறும். எகிறினால் கடைமடையை விட்டுக் கம்பெனி கிளம்பிவிடும் என்று தலைமை அலுவலகத்து ஜாஹித் முன்பே சொல்லியிருந்தார். எழுதாவிட்டால் பொய். எழுதினால் சொந்த ஊருக்குக் காப்பீடு இல்லை. யாரிடமாவது கொட்டித் தீர்க்கலாம் என்றால் பக்கத்து மேசைக்காரரிடமும் பேசக் கூடாது. ஆதாரத்தையாவது அப்பாவிடம் நேரில் கேட்டுவிடுவோம் என்று கும்பகோணம் வழியாக ஊருக்குப் பஸ் ஏறினாள்.

பஞ்சநதம் தனக்கு மட்டும் சோறு வடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா பண்ணையாள். இவர் காலத்தில்தான் அந்த வீட்டுக்குச் சொந்த வயல் வந்தது. மகளைப் பார்த்ததும் இன்னொரு தட்டைத் தேடி எடுத்துக் கழுவினார்.

சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள். "அப்பா, முளைய மாத்தி நட்டதா ஊர்ல சொல்றாங்களே, நெசமா?"

"ஆமா. நான்தான் நட்டேன்" என்றார் சட்டென்று.

"இத்தன வருஷமா ஏம்ப்பா வாயத் தொறக்கல?"

"எவன் வந்து கேட்டான்? எல்லாம் முதுகுக்குப் பின்னாடிதான். மூஞ்சிக்கு நேரா கேட்ட மொத ஆளு நீதான் ஆயி."

"இத எழுதுனா கம்பெனி இந்தப் பக்கம் வராதுப்பா."

"வெள்ளத்தன்னிக்குக் கைய விரிக்கிறவன் வராமலே இருந்துட்டுப் போறான். எழுது. என் பேரப் போட்டு எழுது." குனிந்து அடுப்புச் சாம்பலை ஒதுக்கினார். "அந்தத் தாள ஒண்ணு தம்பிக்கும் அனுப்பிடு."

"அவனுக்கு எதுக்கு?"

"அனுப்புன்னா அனுப்பு."

தஞ்சாவூருக்குத் திரும்பி எழுதினாள். இருந்த நஷ்டம் ஏன் கணக்கில் குறைந்தது, இனி எவ்வளவு கூடும், எல்லாவற்றையும் எழுதி, ஆதாரம் என்ற இடத்தில் 'பஞ்சநதம், விவசாயி, முளையை மாற்றி நட்டவர்' என்று போட்டாள். மறுநாள் காலை ஜாஹித் கூப்பிட்டார்.

"யாருங்க இந்தப் பஞ்சநதம்?"

"எங்கப்பா சார்."

ஜாஹித் கூத்தாநல்லூர்க்காரர், இந்த மண்ணின் வெள்ளம் அவருக்கும் தெரியும். "சொந்தக்காரங்க சாட்சின்னா கமிட்டி தூக்கிப் போட்டுடும்ங்க. பேர எடுத்துட்டு, களத்துல விசாரிச்சதுன்னு மட்டும் போடுங்க. மத்த ரெண்டு பேரும் சுத்திவளைச்சு இதத்தான் சொல்றாங்க, அதனால நம்பர் நிக்கும். ஆனா நின்னா உங்க ஊரு போயிடும். யோசிச்சுக்கங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? பேரை எடுத்தாள். எண் நின்றது. எல்லாரும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இனிப் பேசலாம் என்றார்கள். மற்ற இருவரும் அதற்குள் அறையைக் காலி செய்துவிட்டிருந்தார்கள்.

அப்பா கேட்டாரே என்று, பேர் இருந்த பழைய பக்கத்தைத் தம்பிக்கு அனுப்பினாள். பதில் வராது என்றுதான் நினைத்தாள். சாப்பாட்டு இடைவேளையில் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, அப்பா பொய் சொல்லியிருக்காரு."

"என்னடா சொல்றே?"

"ஆபீசரு எளநி குடிச்சுக்கிட்டிருந்தாரு. முளையப் புடுங்கி மேட்டுப் பக்கம் நட்டது நான். நம்ம வாங்குன மொத வயலு, அழுவிப் போச்சுன்னு எவனோ எழுதிட்டுப் போறதான்னு ரோசம். ஊருக்கே பணம் நின்னுடும்னு எனக்கு எங்க தெரியும்? அப்பா வேணாண்டான்னு கையப் புடிச்சு இழுத்தாரு." பட்டறைச் சத்தத்துக்கு நடுவே அவன் அழுவது கேட்டது. "ஊரே அவரக் கரிச்சுக் கொட்டுச்சு. அப்பவும் என்னைக் காட்டிக் குடுக்கலக்கா. அந்த மொகத்த நான் எப்படிப் பாக்குறது?"

"வாடா தம்பி. வந்துரு" என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

கணிப்பு சரி, ஆதாரம்தான் பொய். அந்தப் பொய்யும் இப்போது காகிதத்தில் இல்லை. சிரிப்பதா, அழுவதா? அழுதாள். ஓட்டல் அறையில் கேட்க ஆளில்லை, அதனால் வாய்விட்டே அழுதாள்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். அவர் தானாகக் கூப்பிடுகிற ஆளே இல்லை.

"தம்பி பாத்தானா?"

"பாத்தாம்ப்பா."

"கம்பெனித் தாளாச்சே. அதுல என் பேருதான இருக்கு? அவன் பேரு எங்கயும் இல்லல்ல?"

"இல்லப்பா."

"அப்பறம் என்ன? இனிமே அவன் வரலாம்ல?"

மேசை மேல் முடிந்துபோன அறிக்கை கிடந்தது. அதில் அப்பா பேரும் இல்லை, தம்பி பேரும் இல்லை.

"வரலாம்ப்பா" என்றாள்.

"அரிசி கூடப் போட்டு வடிக்கணும்" என்றார் அவர்.