மாடித் தொட்டியில் ஆகாயத்தாமரை

ஏரியில் ஆகாயத்தாமரையை வாரி எடுக்கும் படகுக்காரருக்கு அன்று தலை கிறுகிறுத்தது. போன மாதம்தான் சுத்தமாக வாரிய மூலையில், அது ஊதாப் பூவோடு மறுபடியும் பாய் விரித்திருந்தது. இப்படியே விட்டால் ஏரியையே மூடிவிடும். அடியில் இருக்கும் மீன்களுக்கு மூச்சுமுட்டும். போன வருடம் செத்து மிதந்த மீன்களை அள்ளியவரும் அவர்தான்.

எங்கிருந்துதான் வருகிறது, பார்த்துவிடலாம் என்று ஏரிக்கு வரும் மழைநீர்க் கால்வாயை ஒட்டியே நடந்தார். வழியெல்லாம் குட்டிச் செடிகள் ஒதுங்கிக் கிடந்தன. கால்வாய் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வீட்டுப் பின்சுவரிலேயே நிறுத்தியது.

படியேறிப் போனால், மொட்டை மாடியில் மனைவி ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தொட்டி நிறைய ஆகாயத்தாமரை. வழிந்த தண்ணீரோடு இரண்டு குட்டிகள், கால்வாய்க்கு இறங்கும் மழைநீர்க் குழாய்க்குள் குதித்தன.

"அடிப்பாவி! ஊரெல்லாம் தேடுறேன், இத யாரு இங்க கொண்டுவந்தா?"

"நல்லா கேட்டீங்க போங்க. கல்யாண நாளுக்கு வெறுங்கையோட வராதீங்கன்னேன். படகுலேருந்து ஒண்ண எடுத்து நீட்டினது யாராம்? முதமுதலா நீங்க குடுத்த பூவாச்சேன்னு பொத்திப் பொத்தி வளர்க்கிறேன்."

அவர் தொட்டியருகே குனிந்தார். "எடுத்துடலாம்மா. மீனெல்லாம் செத்துரும்."

"எடுங்க. ஆனா பதிலுக்கு வேற பூ வரணும்."

செடிகளை வெயிலில் காயப் போட்டுவிட்டு, மாலையில் ஒரு ரோஜாத் தொட்டியோடு வந்து நின்றார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஏரிக்குப் போகுமா?"

"போகாது."

"அப்ப இருக்கட்டும்."