கேள்விக்கு முந்திய பதில்

உக்குவளையில் ஜுனைதா வீட்டு இன்டர்நெட்டில் கேள்விக்கு முன்னால் பதில் வரத் தொடங்கியது, மிளகு விலை இறங்கிய வாரத்தில். அதுவரை எல்லாம் பிந்தித்தான் வந்தது. கட்டாரிலிருக்கும் புருஷன் ஹுஸ்னியிடம் எப்ப வாரீங்க என்று கேட்டால், அவள் ஒரு வெங்காயம் உரித்து முடித்த பிறகே, கம்பனி லீவு தரவில்லை என்ற பதில் வந்து இறங்கும். நாலு வருஷமாக அதே பதில். லைன்தான் இழுக்கிறது, மனுஷன் இழுக்கவில்லை என்று நம்பிய ஜுனைதா, இணைப்பு ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு மாத்தளைக்குப் பஸ் ஏறினாள். தாமதம் ஐம்பது மில்லிசெக்கனைத் தாண்டாது என்று அதில் அச்சடித்திருந்தது.

அங்கே இன்டர்நெட் கம்பனியின் கிளை மெனேஜர் மகேஸ்வரன் டையைச் சரிசெய்துகொண்டு, இலக்கை எப்போதோ எட்டியாயிற்று என்றார். எங்கே அளந்தீர்கள் என்று இவள் கேட்க, இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு என்று பெருமையோடு காட்டினார். ஆனாலும் முறைப்பாடு முறைப்பாடுதானே. வீட்டுக்கு ஆள் அனுப்பி அளந்தார்கள். வந்த எண் அசிங்கமாக இருந்ததால் மகேஸ்வரன் கொஞ்சம் குறைத்துக் கண்டிக்கு அனுப்பினார். மேலிடத்தின் மனம் கோணக்கூடாதென்று கண்டியில் இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். கொழும்பு வரை ஒவ்வொரு மேசையும் தன் மரியாதைக்குக் குறைத்ததில் எண் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. கொழும்பு மெச்சிக் கையெழுத்து வைத்தது. பெரிய இடத்துக் கையெழுத்து, லைன் கட்டுப்பட்டது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஜுனைதா அழைத்தாள். வாய் திறக்குமுன் ஹுஸ்னியின் குரல் வந்தது. “லீவு தந்து ரெண்டு வருஷம். ஊருக்கு மெனேஜர்னு சொல்லி வச்சீக்கிறன், இங்க ஸ்டோர்ல பெட்டி தூக்குறன். எந்த மொகத்தோட வார?” கேட்க வந்ததைக் கேட்காமல் விடுவது சரியில்லை என்று, இவள் அதன்பிறகு எப்ப வாரீங்க என்று கேட்டாள். பொய்யொன்றைக் கட்டி முடிக்க மனுஷனுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதைத்தான் லைன் விழுங்கியிருந்தது.

“பெட்டி தூக்குவீங்கன்னா வாங்க,” என்றாள் ஜுனைதா. “கராம்பு மூட்டை எறக்க ஆளில்லாம முதுகொடிஞ்சி போய் ஈக்கிறன். மெனேஜர் ஒராள் மாத்தளையில ஈக்கிறாரு, அது காணும்.”

அந்த மாதம் வெளிநாட்டில் புருஷன்மார் உள்ள பெண்களெல்லாம் ஜுனைதா வீட்டிலிருந்தே பேசினார்கள். ஊருக்கு வரும் விமானங்களில் இடம் கிடைக்கவில்லை. லைனைத் திருத்த வந்த மகேஸ்வரனிடம், முந்துவது குற்றமென்று ஒப்பந்தத்தில் எங்கே என்று கேட்டார்கள். அவர் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்.

நோன்புக்கு முன் ஹுஸ்னி வந்திறங்கினான். பையை வைத்துவிட்டு உட்கார்ந்தவன், “இஞ்சி கொஞ்சம் கூடப் போடுங்க,” என்றான். பிளேன்டீ ஊத்தவா என்று அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே ஜுனைதா இஞ்சியைத் தட்டினாள்.