சிவப்புப் பொட்டு ஆடு

ஆட்டின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவராட்டம் வெளுத்துக் கிடந்தது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. இது சிவப்புப் பொட்டு ஆடு. டாக்டர் மருந்து குடித்தது. இது படுத்திருக்கக் கூடாது.

இந்த ஐப்பசி மழையில் குடற்புழு வந்து ரத்தத்தை உறிஞ்ச, செத்த குட்டிகளாகப் புதைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது வேப்பங்கொழுந்தும் குப்பைமேனியும். அரைத்து உருட்டிக் கொடுத்தால் முன்பெல்லாம் கேட்கும். இந்தத் தடவை கேட்கவில்லை. ரெட்டியார்சத்திரம் மாட்டு டாக்டர் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். பாட்டிலில் வருகிற எதையும் நான் நம்புவதில்லை. அதனால் செம்மறிகளை இரண்டாகப் பிரித்தேன். பாதிக்கு மருந்து, பாதிக்குப் பச்சிலை. மருந்து குடித்ததற்கெல்லாம் அடையாளமாகச் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைக்குப் போடும் சிவப்புச் சாயத்தை நெற்றியில் பொட்டாகத் தடவினேன். எது பிழைக்கிறதோ அந்த வைத்தியத்தையே எல்லாவற்றுக்கும் பார்த்துவிடலாம் என்று நினைப்பு.

பொட்டு வைத்த ஆடும் விழுந்தது. வைக்காததும் விழுந்தது.

"பாத்தியா, அம்புட்டும் வெறுந்தண்ணி. அந்த டாக்டரு மூஞ்சியிலயே ஊத்திட்டு வாரேன்" என்று பாட்டிலை எடுத்தேன்.

பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்த என் பெண்டாட்டி சிவனம்மாள் நிமிரவில்லை.

"அவரு மேல ஏன் பாயுற? தண்ணி ஊத்துனது நாந்தான்."

"என்னடி ஒளறுற?"

"மருந்துல பாதிய எடுத்து ஒளிச்சு வச்சேன். மிச்சத்துல தண்ணிய ஊத்தி ரொப்புனேன். நீ பொட்டு ஆட்டுக்குக் குடுத்தது அதத்தான். எடுத்து வச்சத மத்ததுகளுக்கு நான் குடுத்தேன்."

"எதுக்குடி?"

"பாதிய மட்டும் சாகுன்னு எப்புடிய்யா விடுறது? எல்லாம் நான் தண்ணி காட்டுனதுகதான?"

"அளவக் கொறச்சா புழு சாகாது பெரியவரே, மருந்துக்குப் பழகிரும்" என்று மருந்து எழுதும்போதே டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மருந்துக் கடைக்காரனோடு சேர்ந்துகொண்டு இன்னொரு பாட்டிலை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பேச்சை இவளிடம் நான் சொல்லவே இல்லை. வாயில் வந்த வசவை விழுங்கினேன்.

சிவனம்மாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆட்டின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். முந்தானையை நனைத்து அதன் நெற்றியைத் துடைத்தாள். சாயம் போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். ஆடு கண்ணை மூடிக்கொண்டது. அந்த உடம்பில் சிவப்பென்று இருந்தது அது ஒன்றுதான். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.